மொட்டைமாடியிலிருந்து அயனமண்டலம் வரை: பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஹாம் வானொலி அறிமுகம்

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது ஹாம் வானொலி மன்றத்தின் மேசைக்கு முன் வந்து நிற்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கையில் கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?" நியாயமான கேள்விதான். பேரிடர்க் காலத்தில் உதவும் என்று சட்டெனப் பதில் சொல்லிவிடுவது மன்றத்தாரின் வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் பதினெட்டு வயதுள்ள ஒருவரை மூன்று மணிநேரம் நாற்காலியில் உட்காரவைக்கும் பதில் அதுவல்ல. கைப்பேசியிலிருந்து கிளம்பும் வானொலி அலை பெரும்பாலும் அருகிலுள்ள கோபுரம் வரைதான் போகிறது. அதற்கப்பால் உங்கள் குரல் கண்ணாடி இழைகளிலும் கடலடி வடங்களிலும் நிறுவனங்களின் கணினிகளிலும் ஓடுகிறது. அந்தப் பாதையில் நீங்கள் தொட்டுப் பார்க்கக்கூடியது எதுவுமில்லை. ஹாம் நிலையத்திலோ, நீங்கள் கட்டிய கம்பியிலிருந்து புறப்பட்ட அலை வானில் வளைந்து திரும்பி, வேறொரு கண்டத்தில் இன்னொருவர் கட்டிய கம்பியில் போய் விழுகிறது. இரண்டுக்கும் இடையில் நிறுவனமும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு கண்ணியையும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், சில நேரங்களில் கெடுத்தும் வைக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு மன்றம் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

இனி இலக்கணத்தைப் பார்ப்போம். அமெச்சூர் வானொலி, பேச்சுவழக்கில் ஹாம் ரேடியோ, என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளிலேயே தனியாக வரையறுக்கப்பட்ட ஒரு வானொலிச் சேவை. தானே கற்றுக்கொள்வது, தங்களுக்குள் தொடர்புகொள்வது, தொழில்நுட்ப ஆய்வு செய்வது ஆகிய மூன்று நோக்கங்களுக்காக, பண ஆதாயம் எதுவுமின்றி, சொந்த ஆர்வத்தால் ஈடுபடும் உரிமம் பெற்றவர்களின் சேவை என்று அந்த வரையறை சொல்கிறது. 'கற்றுக்கொள்வது' அதில் முதலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கல்விக்கென்று ஏற்பட்ட ஒரு நிறுவனத்துக்குள் இதைக் கொண்டுவருவதற்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் தேவையில்லை.

வரையறையின் மற்ற சொற்களிலிருந்துதான் தடைகளும் பிறக்கின்றன. ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, பொதுமக்களுக்கு ஒலிபரப்பு நடத்தக்கூடாது, பொருளை மறைக்கும் நோக்கில் செய்தியைப் பூட்டி அனுப்பக்கூடாது. கடைசித் தடை கணினித் துறை மாணவர்களை எப்போதும் வியக்கவைக்கிறது, ஏனென்றால் இணையத்தில் மறையாக்கம் இல்லாத ஒன்றைப் பயன்படுத்தாதே என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் ஒழுங்குக்கான காப்பு. யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிவதால்தான், இத்தனை அகலமான அலைவரிசைகளைத் தனிமனிதர்களின் கையில் ஒப்படைக்க அரசுகள் முன்வருகின்றன.

அந்த 'யார்' என்பதற்கான விடையே அழைப்புக்குறி. உரிமம் பெறும் ஒவ்வொருவருக்கும் எழுத்துகளும் எண்ணும் கலந்த, உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு குறி வழங்கப்படுகிறது. அதன் முன்பகுதி நாட்டைச் சொல்லிவிடும்: வி.யு. என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர். மன்றங்களுக்கும் தனிக்குறி உண்டு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மன்றம் டபிள்யூ1எம்எக்ஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினுடையது டபிள்யூ6ஒய்எக்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுடையது ஜி6யூடபிள்யூ. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மாறினாலும் குறி மாறாது.

உதவாக்கரை என்று தள்ளப்பட்ட அலைகள்

இந்தப் பொழுதுபோக்கைப் புரிந்துகொள்ள ஒரு வரலாற்றுச் சம்பவம் போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலைநீளம் கூடக்கூடத்தான் அலை தொலைதூரம் போகும் என்று வல்லுநர்கள் நம்பினார்கள். ஆகவே 1912இல் அமெரிக்காவில் வானொலிச் சட்டம் வந்தபோது, நீண்ட அலைகளைக் கடற்படையும் நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள, தனியார் ஆர்வலர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குத் தள்ளப்பட்டார்கள். எதற்கும் உதவாத இடம் என்று கருதித்தான் அதைக் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சமிக்ஞைகள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்தின் கடற்கரையில் கேட்டன. 1923 நவம்பரில், சுமார் 110 மீட்டர் அலையில், பிரான்சின் லியோன் தெலுவாவும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல்லும் கடலின் இரு கரைகளிலிருந்து ஒருவரோடொருவர் பேசினார்கள்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டில் நடந்தது. 1924 அக்டோபர் 18 அன்று லண்டனின் மில் ஹில் பள்ளியில் இருந்த நிலையத்திலிருந்து செசில் கோய்டர் என்ற பதினெட்டு வயது மாணவர், நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் இருந்த ஃபிராங்க் பெல்லோடு, எழுத்துகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் அனுப்பும் மோர்ஸ் குறியீட்டில் தொடர்புகொண்டார். பூமி உருண்டையில் அதைவிடத் தொலைவான இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். ஒரு பள்ளியின் நிலையத்தில் உட்கார்ந்திருந்த மாணவன் செய்த காரியம் அது. அதே கோய்டர் பின்னாளில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்து அதன் சிற்றலை நிலையங்களை அமைத்தார் என்பது கூடுதல் செய்தி.

உதவாக்கரை அலை எப்படி அவ்வளவு தூரம் போனது? விடை தலைக்கு மேலே இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உடைத்தெடுப்பதால், தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேல் மின்னூட்டம் கொண்ட அடுக்குகள் உருவாகின்றன, இதுவே அயனமண்டலம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள உயர் அடுக்கில் வளைந்து தரைக்குத் திரும்புகின்றன. தரையில் பட்டு மறுபடி மேலே போகின்றன. இப்படித் தாவித் தாவிக் கண்டங்களைக் கடக்கின்றன. கீழடுக்கு பகலில் மட்டும் தோன்றிக் குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. அதனால் 7 மெகாஹெர்ட்ஸில் பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ளவர்களும், பொழுது சாய்ந்தபின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளவர்களும் கேட்பார்கள். 14 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் பகல் அலை. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கேற்ப இந்த வாசல்கள் அகலமாகவும் குறுகலாகவும் ஆகின்றன. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் இந்தச் செய்தியை, மாலை ஆறு மணிக்கு ஒரு வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, அரை மணிநேரத்துக்குள் அண்டை ஊர்க்குரல்கள் மங்கி அயல்மொழிகள் எழுந்து வருவதைக் காதால் கேட்டவர்கள் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

ஆகவேதான் முதல் கூட்டத்தில் பாடம் நடத்தாதீர்கள் என்று மன்றம் நடத்துபவர்களுக்குச் சொல்வேன். கேட்கவையுங்கள். கேட்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமமே தேவையில்லை. படவில்லைகளைப் போட்டு மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளிலிருந்து தொடங்கும் மன்றங்களில் இரண்டாம் கூட்டத்துக்கு வருவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு கம்பியை அளந்து வெட்டுவது

மன்றத்தில் செய்யக்கூடிய வேலைகளில் மிகச் சிறந்த முதல் வேலை டைபோல் ஆண்டெனா, அதாவது நடுவில் பிரிந்த இரு சமக் கம்பிகளாலான ஆண்டெனா, கட்டுவது. ஒரு பிற்பகல் போதும். தேவையானவை சாதாரணக் காப்பிட்ட செம்புக் கம்பி, நடுவில் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு, இரு முனைகளிலும் கட்ட நைலான் கயிறு, வானொலிப் பெட்டி வரை வரும் கோஆக்சியல் கேபிள் ஆகியவை.

கணக்கு எளிது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம்; 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கிடைத்துவிடும். 14.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 21.3 மீட்டர். அதில் பாதி 10.6 மீட்டர். ஆனால் கம்பியின் முனைகளில் ஏற்படும் மின்தேக்க விளைவால், உண்மையான கம்பி அதைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு குறைவாக இருந்தால்தான் ஒத்திசையும். அதாவது மொத்தம் 10.1 மீட்டர், பக்கத்துக்கு 5 மீட்டரும் கொஞ்சமும். இங்கேதான் தையற்காரர் விதி வருகிறது: துணியைக் கூடுதலாக விட்டு வெட்டு. வெட்டிய கம்பியை ஒட்டுவதைவிட நீண்ட கம்பியைக் குறைப்பது சுலபம். 10.4 மீட்டர் வெட்டி மேலே ஏற்றி, சிறிய ஆண்டெனா அளவுமானியை இணைத்தால், நிலையலை விகிதம் (ஆண்டெனா ஏற்காமல் பெட்டிக்குத் திரும்பும் ஆற்றலைக் காட்டும் அளவு) மிகக் குறைவாக இருக்கும் இடம் 13.7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தெரியும். கம்பி நீளமாயிருக்கிறது என்று அர்த்தம். இறக்கி, இரு பக்கமும் ஒரே அளவாகச் சில சென்டிமீட்டர் மடக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தால் திரையில் அந்தப் பள்ளம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். பக்கத்துக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குறைந்ததும் 14.1இல் வந்து நிற்கும். இரண்டாம் தடவை ஏற்றும்போது கம்பியைப் பிடித்திருந்த மாணவி, "நான் மடக்கினது அங்கே நகருது!" என்று திரையைக் காட்டிக் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. ஒத்ததிர்வு என்ற சொல் அவருக்கு அந்த நிமிடத்தில்தான் உருவம் பெற்றது.

நிலையலை விகிதத்தைப் பற்றி ஒரு சொல். புதியவர்கள் அது ஒன்றுக்கு ஒன்றாக வந்தே தீரவேண்டும் என்று தவம் கிடப்பார்கள். 1.5 என்றால் பெட்டிக்குத் திரும்பி வரும் ஆற்றல் 4 விழுக்காடுதான். 2 என்றால் சுமார் 11 விழுக்காடு. 3 என்றால் கால்வாசி திரும்புகிறது, அப்போது கவலைப்படலாம்.

கவலைப்பட வேண்டிய வேறொன்று இருக்கிறது, அதில் விளையாட்டே கூடாது. ஆண்டெனாவோ அதன் கம்பமோ எந்தப் பக்கம் சரிந்து விழுந்தாலும் மின்வழித்தடத்தின் மேல் படாத தொலைவில்தான் அதைக் கட்டவேண்டும். உலகெங்கும் ஹாம்கள் உயிரிழந்த விபத்துகளில் இந்த விதியை மீறியவை பல. இடி மின்னல் வரும் வேளையில் மாடியில் ஏறக்கூடாது. ஒலிபரப்பும்போது கம்பியின் முனையைத் தொட்டால் தோல் சுடும். பல்கலைக்கழகக் கட்டடப் பொறியாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் மாடியில் ஒரு ஆணிகூட அடிக்கவேண்டாம். அனுமதி வாங்கத் தாமதமானாலும், அதை வாங்கிய மன்றமே நீண்டகாலம் மாடியில் இருக்கும்.

முதல் பேச்சு

உரிமத் தேர்வு அச்சப்பட வேண்டியதல்ல. மின்னியலின் அடிப்படை, அலை பரவல், ஆண்டெனா, பாதுகாப்பு, நாட்டின் விதிகள் ஆகியவற்றில் கேள்விகள் வரும். மேனிலைப்பள்ளி இயற்பியல் படித்தவருக்குச் சில வார மாலைநேரப் படிப்பு போதுமானது. மோர்ஸ் குறியீடு தெரிந்தாக வேண்டும் என்ற உலகளாவிய கட்டாயம் 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாட்டோடு நீங்கி, அந்தந்த நாட்டின் முடிவுக்கு விடப்பட்டது. பிடித்துப்போய்ப் பின்னர் தாமாகவே மோர்ஸ் கற்பவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள் என்பது வேறு.

உண்மையான அச்சம் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும்போதுதான் வருகிறது. நான் முதன்முறை பேசியபோது என் அழைப்புக்குறியையே பாதியில் மறந்துவிட்டேன். மறுமுனையில் இருந்த பெரியவர் மூன்று முறை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆகவே முதல் பேச்சைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முதலில் அலைவரிசை காலியா என்று கேட்கவேண்டும். காலி என்றால் "சி.கியூ., சி.கியூ., சி.கியூ." என்று சொல்லித் தன் குறியைச் சொல்வது, கேட்பவர் யாராயினும் வரலாம் என்ற பொது அழைப்பு. எழுத்துகள் இரைச்சலில் குழம்பாதிருக்க ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற சர்வதேசச் சொல்வரிசை உண்டு. பதில் வந்ததும் சமிக்ஞை அறிக்கை கொடுப்பார்கள்: முதல் எண் பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பது, ஐந்துக்கு, இரண்டாவது சமிக்ஞையின் வலிமை, ஒன்பதுக்கு. "ஐந்து ஒன்பது" என்றால் முழு மதிப்பெண். நான்கு முறை திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு ஐந்து ஒன்பது கொடுப்பவர்களும் உண்டு. அது ஹாம்களின் தாராள மனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெயர், இடம், கருவி, ஆண்டெனா, வானிலை. விடைபெறும்போது "73". தந்திக்காலத்திலிருந்து வரும் வாழ்த்து அது. பேசி முடித்ததும் தேதி, உலகப் பொதுநேரம், அதிர்வெண், எதிர்முனைக் குறி, அறிக்கை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும்.

எல்லாரும் பேசத்தான் வேண்டும் என்பதில்லை, கூச்ச சுபாவமுள்ளவர்களுக்கு எஃப்.டி.8 என்ற கணினிவழித் தொடர்பு முறை இருக்கிறது. 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் இணைந்து இரட்டை விண்மீன் அமைப்பிலுள்ள ஒரு துடிவிண்மீனை (சீராக வானொலித் துடிப்புகளை வீசும் விண்மீனை) கண்டுபிடித்து, 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், சிறுவயதில் தன் சகோதரருடன் வீட்டுக்கூரையில் ஹாம் ஆண்டெனா கட்டியவர். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட எண்முறை இது. 15 விநாடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், கணினி ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. பேச்சு அலைவரிசையின் மொத்த இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமான சமிக்ஞையையும், காதுக்கு ஒன்றுமே கேட்காதபோதும், மறுமுனையின் கணினி படித்துவிடுகிறது. கணினித் துறையினரையும் புள்ளியியல் துறையினரையும் மன்றத்துக்குள் இழுக்க இதைவிட நல்ல தூண்டில் இல்லை. உரையாடல் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் பிழைதிருத்தக் குறியாக்கத்தின் வலிமையை நேரில் காட்டுவதில் அதற்கு இணை கிடையாது.

வளாகத்துக்கு வெளியேயும் மேலேயும்

விளையாட்டுப் பிரியர்களுக்கு நரிவேட்டை உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஒலிபரப்பியை வளாகத்தில் எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, கையடக்கக் கருவிகளோடு தேடக் கிளம்புவதுதான் அது. திசையறியும் ஆண்டெனாவை எஃகு அளவுநாடாவின் துண்டுகளைக் கொண்டே செய்துவிடலாம். அதுவும் இல்லாதவர்கள் கருவியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றவேண்டும். உடம்பு அலையை மறைப்பதால், சமிக்ஞை எப்போது மிகவும் மங்குகிறதோ அப்போது நரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

அதே அளவுநாடா ஆண்டெனா விண்வெளிக்கும் உதவும். 144 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அலைகள் பெரும்பாலும் அயனமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடுகின்றன. கண்டம் தாண்ட அவை பயன்படாவிட்டாலும் செயற்கைக்கோள்களோடு பேசப் பயன்படுகின்றன. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ஒலிபரப்பு அவ்வப்போது வரும். அடிவானத்தில் எழுந்து மறைய அதிகபட்சம் பத்து நிமிடம்தான். அது நெருங்கும்போது அதிர்வெண் மூன்று கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் கூடியும், விலகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும். டாப்ளர் விளைவுக்கு ரயில் ஊதலை உதாரணம் காட்டுவதைவிட, மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு பொருளைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

ஹாம்கள் விண்வெளிக்குப் புதியவர்களும் அல்லர். ஸ்புட்னிக் ஏவப்பட்டு நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12 அன்று, அவர்கள் கட்டிய ஆஸ்கர் 1 என்ற செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. ஆறு புள்ளிகளில் 'ஹாய்' என்ற மோர்ஸ் சொல்லை மட்டும் அது திரும்பத் திரும்ப அனுப்பியது. சொல்லின் வேகத்தை வைத்துச் செயற்கைக்கோளின் உள்வெப்பநிலையைக் கீழிருந்தே கணக்கிட்டார்கள். இன்று பத்து சென்டிமீட்டர் கனசதுரச் செயற்கைக்கோள்களைக் கட்டும் பல்கலைக்கழகங்கள் பல, அவற்றோடு தொடர்புகொள்ள ஹாம் அலைவரிசைகளையே நம்பியிருக்கின்றன.

பேரிடர் உதவியையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர், ஹாம் அலைவரிசைகளில் அபூர்வமாகவே ஒலிக்கும் அந்தமான் தீவுகளிலிருந்து உலகத்தோடு பேசும் பயணமாகப் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போனபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளின் வழியே உயிர்தப்பியவர்களைப் பற்றிய செய்திகள் வெளியே வந்தன. அவர்கள் நிவாரணப் படையினர் அல்லர். நாள்தோறும் பேசிப் பழகியிருந்த கைகள், அவ்வளவுதான்.

மன்றம் தொடங்க விரும்புவோருக்கு ஓர் அறை, மாடிக்குப் போகும் ஒரு கேபிள் துளை, உரிமமுள்ள ஓர் ஆசிரியர் அல்லது அருகில் வாழும் ஓர் அனுபவசாலி ஹாம், இவ்வளவும் போதும். உரிமம் இல்லாத மாணவர்கள், அந்தந்த நாட்டின் விதி அனுமதிக்கும் அளவில், உரிமமுள்ளவர் பக்கத்தில் அமர்ந்திருக்க மன்றக் குறியில் பேசலாம். கருவிகளுக்குப் பணம் கிடைப்பதை விடவும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: நான்கு ஆண்டுகளில் எல்லாரும் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். நன்றாக ஓடிய மன்றங்கள் ஒரே கோடை விடுமுறையில் பூட்டிய அறையாகிவிடுவது இதனால்தான். எனவே இறுதியாண்டு மாணவர்கள் தேர்வுக்குப் போகுமுன் மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் அது எந்த ஆண்டெனாவினுடையது என்று சீட்டு ஒட்டவேண்டும். உரிமம் புதுப்பிக்கும் தேதியையும் மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதவேண்டும். முதலாண்டு மாணவர் ஒருவரையாவது தனியாக நிலையத்தை இயக்கிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.